இரண்டு நாதன்மார் வந்த செவ்வாய்க்கிழமை

1. எட்டுப் பேர் வரவில்லை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குள் எட்டு ஆசிரியர்கள் எனக்கு ரெலிபோன் எடுத்து, இன்று வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் நோர்பரியிலிருந்து போகும் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து, மடியில் கொப்பியை வைத்து ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டு போனேன். ஐந்து பேருக்கு வயிற்றோட்டம். ஒருவருக்கு முதுகு பிடித்துவிட்டது. ஒருவருடைய வீட்டுக் கூரையால் தண்ணீர் வந்தது. எட்டாவது ஆள் பிரெஞ்சு படிப்பிக்கிறவர். தொண்டை அடைத்துவிட்டது என்று மணி அடித்த மாதிரிக் குரலில் சொன்னார். அவருக்குப் பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது.

நான் லண்டனின் தெற்குப் பக்கத்தில் ஓர் அகடமிப் பள்ளிக்கூடத்தில் கவர் மனேஜராக இருந்தேன். ஆசிரியர் வராத வகுப்புக்கு வேறொரு ஆளைப் பிடித்துப் போடுவதுதான் கவர். மணி அடிக்கும்போது எந்த வகுப்பிலும் பிள்ளைகள் பெரியவர் இல்லாமல் இருக்கக்கூடாது. என் வேலை அவ்வளவுதான். சொல்ல ஒரு வரி, செய்ய ஒரு நாள்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. பழைய கவுன்சில் பள்ளிக்கூடங்கள் சிலவற்றை மூடி அகடமி என்று புதிதாகத் திறந்தார்கள். காசில் பெரும்பங்கு அரசாங்கத்தினுடையது. சொல் மட்டும் ஸ்பொன்சருடையது. எங்கள் ஸ்பொன்சர் குளியலறைக் குழாய்கள் விற்றுப் பெரிய ஆளானவர். புதுக் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி துடைக்க மாதத்தில் இரண்டு தரம் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். வகுப்பில் நிற்கத்தான் ஆள் கிடைக்காது.

இப்போது பள்ளிக்கூட ஒவ்வீஸ்களில் வேலைக்குச் சேரும் எங்கள் பிள்ளைகள் கேட்டதால் இதை எழுதுகிறேன். அங்கே இங்கிலீஷில் நடந்த கதைகளையும் எங்கள் தமிழிலேயே தந்துவிடுகிறேன். எங்கள் பிரின்சிபல் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பதாகத் தோன்றினால் மன்னிக்க வேண்டும்.

2. தலைகளை எண்ணிய கதை

பிரின்சிபலின் பெயர் மிஸ்டர் ஹார்ட்லி. நல்ல மனுசன். பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரியும். ஒரே பலவீனம், கலர் கலராகக் கிராஃப் போடுவது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு மாதம் முன்பு என்னைக் கூப்பிட்டார்.

"கௌரி, ஸ்பொன்சர் ஒவ்வீஸில கேக்கினம், எத்தினை பிள்ளையளுக்கு ஒரு பெரிய ஆள் எண்டு. கட்டடத்துக்குள்ள இருக்கிற பெரிய ஆக்கள் எல்லாரையும் எண்ணும்."

"ஆசிரியர்மாரும் வகுப்பு உதவியாளர்மாருமோ சேர்?"

"பெரிய ஆக்கள் எல்லாரும்."

"கன்ரீன்காரர்?"

"அவையள் சின்னப் பிள்ளையளே?"

நான் எண்ணினேன். கன்ரீனில் ஒன்பது பேர். துப்புரவுக்காரர் ஆறு பேர். கிழமைக்கொரு தரம் டிரம்ஸ் படிப்பிக்க வருகிறவர். வியாழன்தோறும் சிப்ஸ் மெஷினை நிரப்ப வருகிறவர். போட்டோகொப்பி மெஷின் திருத்துகிறவரைச் சேர்ப்பதா என்று யோசித்தேன். "அவர் எப்பவும் இஞ்சதானே நிக்கிறார்" என்றார் பிரின்சிபல். அது உண்மை. சேர்த்தேன். கடைசியில் ஒன்பது பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று வந்தது. பிரின்சிபல் பச்சை நிறத்தில் கிராஃப் போட்டு, அதன் உச்சியில் ஒரு நட்சத்திரமும் வைத்து அனுப்பினார். பாராட்டுக் கடிதம் வரும் என்று இருவருமே எதிர்பார்த்தோம்.

வந்த கடிதம் இரண்டு பந்தி. உங்கள் பள்ளியில் தேவைக்கு மிஞ்சிய ஆட்கள் இருப்பது தெரிகிறது. வகுப்பு உதவியாளர் பன்னிரண்டு பேரை ஆறாகக் குறைக்கலாம் என்று நினைக்கிறோம். செவ்வாய்க்கிழமை எங்கள் ஆலோசகர் மிஸ்டர் நாதன் நேரில் வந்து பார்த்து அறிக்கை தருவார்.

பிரின்சிபல் அந்தக் கடிதத்தைத் தனக்குள்ளேயே வாசித்து, மடித்து வைத்துக்கொண்டு சொன்னார். "நாங்கள் கொஞ்சம் கூடுதலா எண்ணிப்போட்டமோ?"

கடிதத்தை நான் வாசித்தது பிறகுதான், அப்போது ஆலோசகரின் பெயரை அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

3. மாலதி

குறைப்பது என்றால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவள் மாலதி. சேலத்துக்காரி. கணவருக்கு ஒரு வங்கியில் கொம்பியூட்டர் வேலை, வீடு கோலியர்ஸ் வுட்டில். நாங்கள் பௌதிகம் என்பதை அவள் இயற்பியல் என்பாள். அதில் எம்.எஸ்சி. படித்துவிட்டு இங்கே ஒன்பதாம் வகுப்பு சி பிரிவில் வகுப்பு உதவியாளராக இருந்தாள். அடுத்த வருடம் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கேட்டிருந்தாள். ஒரு வருடம் முழுதாக வகுப்பறை அனுபவம் காட்டினால்தான் அந்த இடம் கிடைக்கும். அவளுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அந்த வகுப்பில் ரெபேக்கா என்றொரு பிள்ளை. சின்ன வயதிலிருந்தே நீரிழிவு. இரத்தத்தில் சீனி குறைந்தால் தனக்குக் குறைகிறது என்று சொல்ல அவளுக்கு வெட்கம். மாலதி அவளைப் பார்த்தபடியேதான் மற்ற இருபத்தொன்பது பேரையும் மேய்ப்பாள்.

திங்கட்கிழமை பின்னேரம் மாலதி என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, லிஸ்ட்ல கடைசியா என் பேர்தானே இருக்கு?"

"ஓம்."

"அப்போ முதல்ல போறது நான்தானே?"

"இன்னும் ஒண்டும் முடிவில்லை. அந்த ஆள் வந்து பாக்கட்டும்."

"வந்து என்ன பார்க்கப் போறார்? தலையைத்தானே எண்ணப் போறார்?"

அந்தத் தலைகளை எண்ணிக் கொடுத்தவள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

4. முதலாவது நாதன்

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எட்டுப் பேர் இல்லை. இரண்டு வகுப்புக்கு உள்ளே இருந்த ஆசிரியர்களைக் கெஞ்சிப் பிடித்தேன். ஐந்து வகுப்புக்கு ஏஜென்சியிலிருந்து, நாட்சம்பளத்துக்கு வரும் சப்ளை ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள். மிஞ்சியது ஒன்பது சி, முதல் பாடம் கணிதம். எட்டு மணிக்கு ஏஜென்சிப் பெண் ரெலிபோன் எடுத்தாள்.

"ஒரு ஆளைப் பிடிச்சிட்டன் கௌரி. பெயர் நாதன். எட்டரைக்கு உம்மட்ட வருவார்."

நாதன் என்றதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எங்கள் ஆள், கணக்கு வேறு, கவலையே இல்லை என்று நினைத்தேன்.

எட்டு முப்பத்தைந்துக்கு றிசெப்ஷனுக்கு ஓடினேன். காலைப் பதிவுக்குப் பிந்தி வந்த பிள்ளைகளின் கியூ கதவுவரை நின்றது. றிசெப்ஷனில் இருந்த மொறீனுக்குத் தலைநிமிர நேரமில்லை. கியூவுக்குப் பக்கத்தில் நல்ல கோட்டும் தோல் பையுமாக, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். எங்கள் நிறம். கைகொடுத்து, "ஐ ஆம் நாதன்" என்றார்.

"தமிழோ?"

"ஆமா, மலேசியா. ஈப்போ பக்கம். இங்க படிக்க வந்து அப்படியே இருந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. வாங்கோ வாங்கோ, மணி அடிக்கப் போகுது."

"பிரின்சிபல் என்னை எதிர்பார்த்துக்கிட்டு இருப்பார்..."

"அவரைப் பிறகு பாக்கலாம். முதல்ல வகுப்பைப் பாருங்கோ."

அவர் ஒரு கணம் யோசித்தார். "அதுவும் சரிதான். நேர்ல பார்க்கத்தானே வந்தேன்."

நான் முன்னால் ஓட, அவர் பின்னால் வந்தார். படியேறும்போதே பயிற்சித்தாள் கட்டையும் போர்ட் பேனாவையும் அவர் கையில் திணித்தேன்.

"இதை ஏன் எனக்குத் தர்றீங்க?"

"எழுதத்தான். உங்களுக்குக் கணக்கு வரும்தானே?"

"நான் அக்கவுண்டன்ட் லா" என்றார், மலேசியாக்காரர் பேச்சின் முடிவில் ஒட்டும் அந்த 'லா'வோடு.

"அப்ப பிரச்சினையே இல்லை."

எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. லண்டனில் அப்போது பெற்றோல் ஸ்ரேஷனில் எஞ்சினியர்மார் நின்றார்கள், தபாற்கந்தோரில் டொக்டர்மார் கடிதம் பிரித்தார்கள். ஓர் அக்கவுண்டன்ட் சப்ளைக்கு வந்தால் என்ன? ஒன்பது சியின் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டேன். "பிள்ளையளே, இவர் மிஸ்டர் நாதன்" என்றேன். பிறகு வெளியே வந்து, நானே என் கையால் கதவைச் சாத்தினேன்.

5. இரண்டாவது நாதன்

ஒன்பதேகாலுக்குக் கவர் பட்டியலைக் கொடுக்கப் பிரின்சிபலின் அறைக்குப் போனேன். அங்கே சுவரில் பச்சைக் கிராஃப் தெரிந்தது. எதிரே கதிரையில், வெயிலில் சிவந்த முகத்தோடு, அரைக்கைச் சேட்டும் ஓடுகிற சப்பாத்தும் போட்ட ஒரு பொடியன் பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும்.

"கௌரி, இவர்தான் மிஸ்டர் நாதன். ஸ்பொன்சர் ஒவ்வீஸில இருந்து வந்திருக்கிறார்."

"ஹாய்" என்று அவன் கையை ஆட்டினான். அவுஸ்திரேலியக் குரல்.

நடந்தது இதுதான். வெள்ளைக்காரரிடமும் நாதன் என்று ஒரு முதல் பெயர் உண்டு, அவர்கள் வாயில் அதுவும் எங்கள் நாதனும் ஒரே மாதிரித்தான் கேட்கும். நாதன் என்று ஒருவர் வந்தால் நேரே தன்னிடம் அனுப்பும்படி பிரின்சிபல் மொறீனிடம் சொல்லி வைத்திருந்தார். இவன் பஸ் பிந்தி வந்து, நாதன் என்று முதல் பெயரைச் சொல்லியிருக்கிறான். மொறீன் அனுப்பிவிட்டாள். அரை மணி நேரமாக அவனுக்கு ஸ்லைட் காட்டுகிறார் பிரின்சிபல். அவனோ, சப்ளைக்கு வருகிறவனை இவ்வளவு மரியாதையாக நடத்தும் பள்ளிக்கூடத்தை இந்த ஊரில் கண்டதில்லை என்று மகிழ்ந்துபோய் இருக்கிறான்.

பிரின்சிபல் அவன் பக்கம் குனிந்தார். "மனம் விட்டுச் சொல்லும். எங்கட ஆக்களின்ர எண்ணிக்கை பற்றி உம்மட கருத்து என்ன?"

பொடியன் பிஸ்கற்றை விழுங்கினான். "உண்மையைச் சொன்னா, ஆக்கள் காணாது சேர். நான் போன பள்ளிக்கூடம் எல்லாத்திலயும் இதே கதைதான். வகுப்பில இன்னொரு பெரிய ஆள் நிண்டால்தான் நான் உயிரோட வெளியில வாறன்."

பிரின்சிபல் அதை வரிக்கு வரி எழுதினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஸ்பொன்சர் ஒவ்வீஸிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் அதுவரை கேட்டதில்லை.

"அப்ப நான் எந்த வகுப்புக்குப் போக?" என்று கேட்டான் பொடியன்.

"உமக்கு விருப்பமான வகுப்புக்குப் போம்!"

அவன் கையிலிருந்த தாளை அப்போதுதான் பார்த்தேன். ஏஜென்சியின் ரைம்ஷீட். மேலே "நாதன்" என்ற முதல் பெயர், கீழே "ஒன்பது சி, கணிதம்".

"ஒரு நிமிஷம் சேர்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஐம்பது வயதில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஓடுவதில் ஒரு கரைச்சல் உண்டு. மூன்று மாடியிலும் எல்லோருக்கும் தெரியும்.

6. ஒன்பது சி

உள்ளே நடந்ததை மாலதி பிறகு எனக்குச் சொன்னாள்.

நான் கதவைச் சாத்தியதும் அந்த மனிதர் பிள்ளைகளைப் பார்த்து, "நான் உங்கள் ஆசிரியர் இல்லை" என்றாராம். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "சப்ளைக்கு வாற எல்லாரும் உப்பிடித்தான் சேர் சொல்லுறவை" என்று ஆறுதல் சொன்னாளாம். மாலதியும் அவரைச் சப்ளை என்றே நினைத்தாள். முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"சார், முதல்ல ரெஜிஸ்டர் எடுங்க. பேரை மாத்திச் சொல்லுவாங்க. நான் தலையாட்டினாத்தான் டிக் போடணும்."

அவர் டிக் போட்டார். மாலதி இரண்டு பேரை இடம் மாற்றினாள், ஒருத்தன் வாயிலிருந்து சுவிங்கத்தை எடுப்பித்தாள், ஒருத்தியின் ரெலிபோனை வாங்கி மேசையில் வைத்தாள். அவர் சதவீதக் கணக்கை நன்றாகவே விளங்கப்படுத்தினாராம். இருபது நிமிடம் வகுப்பு ஒழுங்காகப் போனது. தனக்குப் படிப்பிக்க வருகிறது என்று அவருக்கு ஒரு புன்னகைகூட வந்ததாம்.

அப்போது ரெபேக்காவின் பேனா கையிலிருந்து நழுவியது. மாலதி திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் நெற்றி வேர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின. பையிலிருந்து ஜூஸ் எடுத்துக் குடிக்க வைத்தாள். மருத்துவ அறைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், தனியே அனுப்ப முடியாது.

"சார், பத்து நிமிஷம் பார்த்துக்குங்க. யாரையும் வெளிய விட்டுடாதீங்க."

"நானா? தனியாவா?"

அவள் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பத்து நிமிடத்துக்குச் சாட்சி இருபத்தொன்பது பிள்ளைகள்தான். அவர்கள் சொன்னதைக் கூட்டிக் கழித்தால் வருவது இது. நாலு பேருக்கு ஒரே நேரத்தில் கழிப்பறை வந்தது. ஒருத்தன், "சேர், உங்கட சம்பளம் எவ்வளவு? அதில இருபது வீதம் எவ்வளவு?" என்று கேட்டான். கணக்கு என்று நினைத்து அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். யன்னல் திரை தானாக ஏறி இறங்கியது. இரண்டு பேர் சில்லுக் கதிரையில் பின்வரிசையைச் சுற்றி வந்தார்கள். யாரோ லைற்றை நிறுத்தினார்கள்.

நான் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். கதவுக் கண்ணாடியால் பார்த்தால், அவர் இரண்டு கையையும் விரித்து, முதுகைக் கதவில் கொடுத்து நின்றார். கழுத்துப்பட்டி தோளுக்கு மேலே கிடந்தது. சட்டையில் நீல மை.

"யாரையும் வெளிய விடக்கூடாதுன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போனாங்க" என்றார் திரும்பிப் பார்க்காமல்.

"நான் வெளியில போகேல்லை, உள்ள வாறன்."

அவர் விலகினார், நான் உள்ளே போய் லைற்றைப் போட்டேன். என் குரல் கேட்டதும் சில்லுக் கதிரைகள் நின்றன.

"நீங்கள்... ஸ்பொன்சர் ஒவ்வீஸோ?"

"ஆமா. அப்பவே சொல்லப் பார்த்தேன். நீங்க விடல லா."

என் வேலை போய்விட்டது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. "பெரிய பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் போங்கோ, பிரின்சிபல் காத்துக்கொண்டிருக்கிறார். நான் இஞ்ச நிக்கிறன்."

அவர் வகுப்பை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தம்மா வரட்டும். ஒரு ஆளு பத்தாது."

மாலதி ரெபேக்காவோடு திரும்பி வரும்வரை அவர் போகவில்லை. பிள்ளையின் முகம் தெளிந்திருந்தது. "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டினாள். அவர் பேனாவை மாலதியிடம் கொடுத்துவிட்டு என்னோடு வந்தார்.

7. ஒன்றரை ஆள்

பிரின்சிபலின் அறையில் இரண்டு நாதன்மாரும் கைகொடுத்துக்கொண்டார்கள். பிரின்சிபல் மை பட்ட சட்டையைப் பார்த்தார், ஓடுகிற சப்பாத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவுஸ்திரேலிய நாதன்தான் நிலைமையை முதலில் விளங்கிக்கொண்டு, "அப்ப நான் ஒன்பது சிக்குப் போறன்" என்று இன்னொரு பிஸ்கற்றை எடுத்துக்கொண்டு எழும்பினான்.

ஈப்போ நாதன் பையைத் திறந்து எங்கள் கிராஃபை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் கதைத்தது இங்கிலீஷில்தான், ஆனால் என் காதில் அவருடைய தமிழாகவே நிற்கிறது.

"ஒன்பது பேருக்கு ஒருத்தர்னு போட்டிருக்கீங்க. நான் இருந்த ரூம்ல முப்பது பேருக்கு ஒன்றரை ஆளு. அந்த அரை ஆளு நான். மீதிப் பேரெல்லாம் எங்க?"

பிரின்சிபல் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்ற ஒரு பொய் வேண்டியிருந்தது. எனக்கு வரவில்லை. இவ்வளவு ஓடிய பிறகு ஒருவருக்குப் பொய் சொல்ல மூச்சு இருக்காது.

"கன்ரீன்ல ஒன்பது பேர்" என்றேன். "துப்புரவுக்கு ஆறு பேர். டிரம்ஸ் மாஸ்டர். போட்டோகொப்பிக்காரர். வியாழக்கிழமையில சிப்ஸ் நிரப்ப வாறவர்."

நாதன் கிராஃபை ஒருதரம் திருப்பிப் பார்த்தார்.

"சிப்ஸ் நிரப்புறவரா?" என்றார் நாதன்.

"எண்ணினது நான்தான்."

"எண்ணச் சொன்னது நான்" என்றார் மிஸ்டர் ஹார்ட்லி. அவர் நல்ல மனுசன் என்று நான் முதலிலேயே சொன்னது சும்மா இல்லை.

நாதன் வாயைக் கையால் மூடினார். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது பாட நேரத்தில் கட்டடத்தைச் சுற்றி நடப்போம் என்றார். மூன்று பேரும் தாளும் பேனாவுமாக ஒவ்வொரு வகுப்பின் கதவுக் கண்ணாடியாலும் எட்டிப் பார்த்தோம். பிள்ளைகளோடு நிற்கிற பெரியவர்களை மட்டும் எண்ணினோம். இருபத்திரண்டு பிள்ளைக்கு ஒருவர் என்று வந்தது. பிரின்சிபல் அதற்குக் கிராஃப் போடவில்லை.

இரண்டு கிழமையில் அறிக்கை வந்தது. உதவியாளர்கள் ஆறு பேராகக் குறையவில்லை. ஆனால் அந்தக் கோடையில் தாங்களாக விலகிய இருவரின் இடங்களை நிரப்ப அனுமதி தரவும் இல்லை. பத்துப் பேரோடு ஓடினோம். மாலதி தன் வருடத்தை முடித்துப் பயிற்சிக்குப் போனாள். இப்போது இல்ஃபோர்டில் ஒரு பள்ளியில் பௌதிகம் படிப்பிக்கிறாள், அவளுடைய சொல்லில் இயற்பியல். அவுஸ்திரேலிய நாதன் எங்களிடம் இரண்டு வருடம் நின்றான்.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அடையாள அட்டை பார்க்காமல் வெளியாளை வகுப்பறைக்குள் விட்டதற்கு எழுத்துமூல எச்சரிக்கை. என் சேவைக்காலத்தில் அது ஒன்றுதான். அது சரியான எச்சரிக்கை. அந்த மனிதர் நல்லவராக இருந்தது என் கெட்டித்தனம் இல்லை. மிஸ்டர் ஹார்ட்லி அதை நீட்டும்போது என்னை நிமிர்ந்து பார்க்காமல், "கையெழுத்து வையும் கௌரி, பிறகு ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிப்பம்" என்றார். வைத்தேன். குடித்தோம்.

பள்ளிக்கூட ஒவ்வீஸில் இருந்து ஆள் எண்ணப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கதிரையில் இருந்துகொண்டு எண்ணாதீர்கள். கேட்கிறவரின் முகம் மலர வேண்டும் என்பதற்காக எண்ணாதீர்கள், அந்த மலர்ச்சிக்கு யாரோ ஒருவர் வேலையை இழப்பார். எழும்பி நடந்துபோய், ஒரு பிள்ளைக்குத் திடீரென்று ஏலாமல் வந்தால் இந்த அறையில் யார் கவனிப்பார், அவர் போனால் மிச்சம் பேரோடு யார் நிற்பார் என்று பாருங்கள். அந்த இரண்டு பேரையும் எண்ணுங்கள். எண்ணுவதற்கு முன், தயவுசெய்து, முழுப் பெயரைக் கேளுங்கள்.